எச்சில் படாத காசு

இடது உள்ளங்கையில் மடித்த வெல்வெட் துணி. அதற்கு மேலே, வலது கையின் இரண்டு விரல்கள் விளிம்பில் மட்டும் பிடித்திருக்கும் ஒரு தங்கக் காசு. வெர்லின் ஸ்டீகால் இரண்டு உதடுகளையும் உள்ளே மடித்துக்கொள்கிறார், பல்செட்டைக் கழற்றி வைத்தவர்போல. மூச்சு மூக்கால் மட்டும். சங்கக் கூட்டம் நடக்கும் தீயணைப்பு நிலையக் கூடத்தில் மற்றவர்கள் காபி குடித்துக்கொண்டு இரைச்சலாகப் பேசுகிறார்கள். யாரோ அவரிடம் ஏதோ கேட்கிறார்கள். புருவத்தைத் தூக்கி, 'இரு' என்று கண்ணாலேயே சொல்கிறார். காசு தட்டில் போய் உட்கார்ந்த மறுநொடி உதடுகள் வெளியே வரும், பேச்சும் வரும். அப்புறம் அதை நிறுத்த ஆள் கிடையாது.

காசின் மேல் பேசக் கூடாது என்பது எங்கள் நாணயச் சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்தான். பேசினால் எச்சில் தெறிக்கும். கண்ணுக்கே தெரியாத துளிதான். ஆனால் தங்கத்தோடு கலந்திருக்கும் செம்புக்கு அது தெரியும். சில வருஷத்தில் அந்த இடத்தில் ஒரு பழுப்புப் புள்ளி வந்து குடியேறிவிடும். நாங்களெல்லாம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி இரண்டு வார்த்தை பேசிவிட்டு மறுபடி காசைப் பார்ப்போம். வெர்லின் அப்படிச் சமாளிக்கிற ஆள் இல்லை. வீடு தீப்பிடித்தாலும் காசைப் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் கத்துவார்.

இந்த உண்மையை உலகத்திலேயே முதலில் பயன்படுத்திக்கொண்டவர் அவர் மனைவி நடீன். அவருடைய ஏப்ரன் பையில் எப்போதும் ஒரு சின்னத் தங்க டாலர் இருக்கும். சட்டைப் பொத்தான் அளவு, ரொம்பத் தேய்ந்தது, சேகரிப்பவர்களிடம் விலை போகாதது. சாப்பாட்டு மேஜையில் வெர்லின் மூச்சுவிடாமல் பேசி எல்லோரையும் களைக்கவைத்த பிறகு, நடீன் அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பார்.

"இந்தா வெர்லின், இதுல கோடு ஏதாச்சும் புதுசா விழுந்திருக்கா, கொஞ்சம் பாரேன்."

அவ்வளவுதான். வீடு அமைதியாகிவிடும். அவருக்கு இந்தத் தந்திரம் தெரியாதா என்று ஒருநாள் கேட்டேன். "நல்லாத் தெரியும். ஆனா காசு கைக்கு வந்துட்டா பேச முடியாதே! பேசினாத்தானே சண்ட போட முடியும்?" என்றார் நடீன். ஒரு தடவை மைத்துனி வீட்டுக் கல்யாணத்தில் பாதிரியார் பேசி முடிக்கும் வரை அந்தக் காசைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் வெர்லின். அவர் அவ்வளவு பக்தியாக இருந்ததைப் பார்த்துப் பாதிரியாரே தனியாக வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்.

பிழைப்பு, செப்டிக் டேங்க். வடக்கு ஜார்ஜியாவில் எங்கள் மலைப்பக்கம் முழுக்க அவருடைய பச்சை லாரியைத் தெரியும். பின்பக்கம் பெரிய எழுத்தில் "நீங்கள் மறந்ததை நாங்கள் எடுத்துச் செல்கிறோம்" என்று எழுதியிருக்கும். அவரே யோசித்து எழுதிய வாசகம். அதில் அவருக்குப் பெருமை அதிகம். பகலெல்லாம் ஊராரின் தொட்டியில் குழாயை விட்டு உறிஞ்சுவார். சாயங்காலம் முழங்கை வரை சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி, நகக்கண்ணைப் பிரஷ்ஷால் தேய்த்து, பிறகுதான் காசைத் தொடுவார். "டாக்டர் கை கூட இவ்ளோ சுத்தமா இருக்காதுப்பா ஹாஸ்கல். வேணா மோந்து பாரு" என்று என் மூக்குக்கு நேரே நீட்டுவார். நான் கடைத்தெருவில் காசு வாங்கி விற்கிறவன். வருகிற எல்லாவற்றையும் மோந்து பார்த்தால் தொழில் நடக்காது.

அவர் சேர்ப்பது ஒரே ஒரு ஜாதிக் காசு. பக்கத்து ஊரான டலோனிகாவில் அந்தக் காலத்தில் தங்கம் கிடைத்து, அரசாங்கம் அங்கேயே ஒரு நாணயச்சாலை வைத்து, உள்நாட்டுப் போர் வந்ததும் 1861இல் மூடிவிட்டது. அங்கே அடித்த ஐந்து டாலர் தங்கக் காசுகளில் பெரும்பாலும் கழுகின் காலடியில் சின்னதாக ஒரு டி எழுத்து இருக்கும். வருஷத்துக்கு ஒன்றாக, முதல் வருஷத்திலிருந்து கடைசி வருஷம் வரை எல்லாம் வேண்டும். இதுதான் வெர்லினின் வாழ்நாள் ஆசை. நடீன் பாஷையில் சொன்னால் வாழ்நாள் வியாதி.

அதற்காகத் தானே ஒரு மரத்தட்டு செய்திருக்கிறார். வால்நட் மரம், வருஷத்துக்கு ஒரு குழி, குழிக்கு அடியில் பழைய பில்லியர்ட்ஸ் மேஜையிலிருந்து கிழித்த பச்சைத் துணி. இந்தக் காலத்தில் எல்லோரும் காசைத் தரம் பார்க்க அனுப்பி, பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். வெர்லின் அப்படிப்பட்ட பெட்டிக் காசை வாங்கினால், சுத்தியலால் தட்டி வெளியே எடுத்துவிட்டுத்தான் அன்றைக்குச் சோறு. "நூத்தி எழுவது வருஷம் வெளியில திரிஞ்சவனப் புடிச்சு டப்பால அடைச்சா மூச்சு முட்டாதா?" என்பார். பெட்டி உடைந்தால் விலை குறையும். குறைந்தால் என்ன, விற்கிறவன்தானே அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

தட்டில் எல்லாக் குழியும் நிறைந்தாயிற்று, கடைசி ஒன்றைத் தவிர. அந்த 1861ஆம் வருஷக் குழியில் அவருடைய வேலைச் சட்டையிலிருந்து அறுந்த ஒரு பழுப்புப் பொத்தான் இருக்கிறது. வெறும் குழியைப் பார்க்கப் பொறுக்கவில்லையாம். வருகிற விருந்தாளிக்கெல்லாம் தட்டைக் காட்டும்போது அந்தப் பொத்தானையும் விளிம்பில் பிடித்துத்தான் எடுப்பார். அப்போதும் பேச மாட்டார்.

வெர்லினுக்கு இன்னொரு முகம் உண்டு. அது, கழுவிய காசைக் கண்டால் வருகிற முகம். வெளியாட்களுக்கு இது புரியாது. பழைய காசின் மேல் படிந்திருக்கும் அழுக்குதான் அதன் தோல். பச்சையும் மஞ்சளும் கலந்த மங்கலும், எழுத்துகளின் இடுக்கில் கறுத்த பிசுக்கும் இருந்தால்தான் அது பிறந்தபடி இருக்கிறது என்று அர்த்தம். தேய்த்துப் பளபளப்பாக்கினால் தோல் உரிந்துவிடும், திரும்ப முளைக்காது. காசு அதே காசுதான், தங்கமும் அதே தங்கம்தான், ஆனால் எங்கள் ஆட்கள் அதைப் பார்க்கும் பார்வையே வேறு. சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பல் டாக்டர், பாட்டன் காசைச் சமையல் சோடா போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்து ஆசையாக நீட்டினார். வெர்லின் அதை வாங்கவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "உங்க தாத்தாவோட தோல உரிச்சுக் கொண்டாந்திருக்கீங்க டாக்டர். சவ அடக்கம் என்னிக்கு?" என்று கேட்டார். டாக்டர் அதன் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. எனக்கு ஒரு நல்ல வாடிக்கையாளர் போனார்.

இவ்வளவு கிண்டல் செய்கிறேனே தவிர, எனக்கு வெர்லினை ரொம்பப் பிடிக்கும். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கடைசிக் காசு எங்கேயோ கண்காணாத இடத்தில் இல்லை. எங்கள் சங்கத்திலேயே இருந்தது, ராய்ஸ் பீவியின் சட்டைப்பையில். ராய்ஸ் ஊரில் பாதிப் பேருக்கு இன்ஷூரன்ஸ் விற்றவர். அவர் டலோனிகாக் காசு சேர்ப்பவரே அல்ல. ஒரு பண்ணை வீட்டு ஏலத்தில் அந்த 1861 வந்தது. வெர்லின் அன்றைக்கு ஒரு தொட்டி வேலையில் மாட்டி, குழாய் வெடித்து, நனைந்த கோலத்தில் ஓடி வந்து சேர்வதற்குள் ராய்ஸ் கையைத் தூக்கிவிட்டார். எதற்காக வாங்கினார் என்று கேட்டால் ஒரே பதில்தான் சொல்வார்: "வெர்லின் வாங்கக் கூடாதுன்னுதான்."

அதிலிருந்து பல வருஷம், ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் இந்த நாடகம் நடந்தது. ராய்ஸ் ஒரு கசங்கின காகித உறையிலிருந்து காசை எடுப்பார். பிளாஸ்டிக் பெட்டிக்குச் செலவழிக்க மனம் வராத கஞ்சன். வெர்லினின் மூக்குக்கு நேரே பிடிப்பார். தொட விடமாட்டார். வெர்லினுக்கு உள்ளுக்குள் எரியும். எரிகிறது என்று காட்டிக்கொள்ள முடியுமா? அதனால் கூடமே கேட்கிற மாதிரி சொல்வார்:

"ஏம்ப்பா ராய்ஸ், இத முதல்ல குளிப்பாட்டிக் கொண்டா. என் லாரித் தொட்டில விழுந்தத எடுத்துட்டு வந்த மாதிரி இருக்கு. அழுக்குப் புடிச்ச காசு."

எல்லோரும் சிரிப்போம். ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும், அந்த அழுக்குதான் அழகு. டலோனிகாக் காசுகளில் அவ்வளவு பிறந்தமேனித் தோலோடு இருப்பதை நான் பார்த்ததில்லை. வெர்லினும் பார்த்ததில்லை. வயிற்றெரிச்சலில் வருகிற வார்த்தை அது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு மனைவிமாரும் வருவார்கள். ராய்ஸின் மனைவி லொரெட்டா (எங்கள் பக்கத்து மரியாதைப்படி வெர்லினுக்கு 'மிஸ் லொரெட்டா') தன் எலுமிச்சை கேக்கோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பார். அவர் முன்னாலும் இதே பேச்சுதான். அவரும் எங்களோடு சேர்ந்து சிரிப்பார். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

சென்ற இலையுதிர் காலத்தில் ராய்ஸ் இறந்துபோனார். இதயம். அடக்கத்தில் வெர்லின் கறுப்புக் கோட்டுப் போட்டு வந்தார். காசைப் பற்றி வாயே திறக்கவில்லை. எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். பிறகு பார்த்தால், நடீன் வாசலிலேயே அந்தத் தேய்ந்த தங்க டாலரை அவர் கையில் திணித்திருக்கிறார். பெட்டியைக் குழிக்குள் இறக்குகிற வரை வெர்லின் அதை விளிம்பில் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். அழுதது உண்மை. சண்டை போட ஒரு ஆள் குறைந்தால் யாருக்குத்தான் அழுகை வராது?

ஒரு மாதம் கழித்து லொரெட்டா எனக்குப் போன் செய்தார்.

"ஹாஸ்கல், அந்தக் காச வெர்லினுக்குத்தான் குடுக்கணும்னு ராய்ஸ் சொல்லிட்டுப் போயிருக்காரு. 'நான் குழிக்குள்ள போனப்புறம்தான், அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி கூடாது'ன்னாரு. எனக்கு விலை தெரியாது. நீங்க வந்து நியாயமா சொல்லுங்க."

செய்தி கேட்ட வெர்லின் பணம் புரட்டத் தன் இரண்டாவது லாரியை விற்றுவிட்டார், புதிதாக வாங்கியதை. அதைப் பற்றி என்னிடம் ஒரு மணி நேரம் பேசினார். நடீனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை, நடீன்தான் லாரிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தார். "அந்தப் பொத்தான என் கண்ணால பாக்க முடியல ஹாஸ்கல். அந்தக் குழி ரொம்பணும், இல்லேன்னா இந்த மனுஷன் என்னை விட்டுட்டு அதுக்குள்ள போய்ப் படுத்துக்குவாரு" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து, மூன்று பேரும் லொரெட்டா வீட்டுக்குப் போனோம். வெர்லின் மடியில் மரத்தட்டு. வழியெல்லாம் பேச்சு: போரைப் பற்றி, மூடின நாணயச்சாலையைப் பற்றி, கழுகின் இடது இறக்கையைப் பற்றி. நடீன் தங்க டாலரை எடுக்கவேயில்லை, "இன்னிக்கு ஒரு நாள் பேசட்டும்" என்று விட்டுவிட்டார்.

லொரெட்டா வீட்டில் தூசியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி இருப்பதே தெரியாது. சர்ச்சின் பித்தளைக் காணிக்கைத் தட்டுகளை மாதாமாதம் தேய்த்து வைப்பது அவர்தான். அவற்றில் நாங்கள் காணிக்கை போடும்போது எங்கள் முகமே எங்களைப் பார்க்கும். இனிப்பு ஐஸ் டீ வந்தது, கேக் வந்தது. பிறகு வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றிய காசு வந்தது. வெர்லின் சமையலறைக்குப் போய்க் கையை மூன்று தடவை கழுவிக்கொண்டு வந்தார். வெல்வெட் துணியை உள்ளங்கையில் விரித்தார். உதடுகள் உள்ளே போயின. கைக்குட்டையைப் பிரித்தார்.

காசு பளீரென்று இருந்தது. நேற்று அடித்ததுபோல அல்ல, நேற்று அடித்த காசுக்கும் ஒரு மெருகு இருக்கும். இது காணிக்கைத் தட்டின் மினுக்கல். எழுத்து இடுக்கில் பிசுக்கு இல்லை, பச்சை மங்கல் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் மயிர்போல ஆயிரம் கோடுகள் ஒரே திசையில் ஓடின.

"ராய்ஸ் இருந்தவரைக்கும் அந்த உறைகிட்ட என்னை விட்டதே இல்ல," என்றார் லொரெட்டா. "இப்பத்தான் முத முதலா கையில எடுத்தேன். வெர்லின் சொன்னது சரிதான், அப்பிடி ஒரு அழுக்கு! உங்ககிட்ட அழுக்குக் காசா குடுக்க எனக்கு மனசு வரல வெர்லின். தட்டு தேய்க்கிற பாலிஷ் போட்டு, ரெண்டு நாளு உக்காந்து தேய்ச்சேன். டி எழுத்துக்குப் பக்கத்துல பல்குச்சியால எடுத்தேன்."

நடீன் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் வெர்லினைப் பார்த்தோம். பல் டாக்டருக்கு விழுந்த சொல்லடி எங்கள் நினைவில் இருந்தது. வெர்லின் காசை மெதுவாகத் திருப்பினார். கழுகைப் பார்த்தார். மறுபடி திருப்பி, முன்பக்கத்துத் தலையைப் பார்த்தார். உதடுகள் உள்ளேயே இருந்தன. காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

"ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு?" என்றார் லொரெட்டா.

"காசு கையில இருந்தா பேச மாட்டாரு," என்றார் நடீன். அவர் குரல் சரியாக இல்லை.

"அப்ப நீங்க சொல்லுங்க ஹாஸ்கல். என்ன விலை?"

நான் வாயைத் திறந்தேன். தேய்த்த காசுக்கு உண்டான விலை என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் ஏன் அவ்வளவு குறைவு என்று கேட்பார், அதையும் சொல்ல வேண்டும். மேஜைக்கு அடியில் வெர்லினின் வேலைப் பூட்ஸ் என் கால்மேல் ஏறி அழுத்தியது. ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே பூட்ஸ்தான். நான் தேய்க்காத காசின் விலையைச் சொன்னேன். பூட்ஸ் இறங்கியது.

லொரெட்டா கையை மார்பில் வைத்துக்கொண்டார். "அவ்வளவா! தேய்ச்சதனாலயா?" என்று கேட்டார். நான் அவசரமாக ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டேன். அவர் வெர்லின் பக்கம் சாய்ந்து, சின்னக் குரலில் கேட்டார்: "இப்பச் சுத்தமா இருக்குல்ல வெர்லின்?"

காசு வெர்லினின் விரல்களில்தான் இருந்தது, முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில். அவர் உதடுகள் வெளியே வந்தன.

"மிஸ் லொரெட்டா," என்றார், காசின் மேலேயே. "என் ஜென்மத்துல இவ்ளோ சுத்தமான காசு நான் பாத்ததில்ல."

நடீன் என் முழங்கையைப் பிடித்தார். வெர்லின் நிறுத்தவில்லை. ராய்ஸ் ஏலத்தில் கையைத் தூக்கிய கதையைச் சொன்னார். தான் நனைந்து நாறி ஓடி வந்ததைச் சொன்னார். "அவன் மட்டும் வாங்கலேன்னா இத எவனோ வெளியூர்க்காரன் தூக்கிட்டுப் போயிருப்பான், மிஸ் லொரெட்டா. எனக்காகப் பத்திரமா வெச்சிருந்தான் அந்தப் படுபாவி" என்றார். லொரெட்டா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். வெர்லின் பேசிக்கொண்டே தட்டிலிருந்து பொத்தானை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். பேசிக்கொண்டே காசைக் கடைசிக் குழியில் வைத்து, கட்டைவிரலால், காசின் முகத்தின் மேலேயே, அழுத்தினார். தட்டின் மேல் குனிந்தபடியே இன்னும் ஏதோ சொல்லிச் சிரித்தபோது ஒரு துளி எச்சில் தெறித்துக் காசின் நடுவில் விழுந்தது. எல்லோருக்கும் தெரிகிற துளி.

"அடடா," என்று லொரெட்டா ஏப்ரன் நுனியைக் கையில் எடுத்தார்.

வெர்லின் தட்டை இரண்டு கையாலும் தூக்கி, அவர் துடைக்க வாகாக, அவர் பக்கம் நீட்டினார்.